நஷ்டஈடு யார் பையிலிருந்து போகிறது?

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் யார் காசு கொடுக்கிறோம்? ஸ்விட்சை அணைக்க மறந்தவர் இல்லை. எல்லோரும் கட்டும் மெயின்டனன்ஸ் பணத்திலிருந்துதான் போகிறது. ஆஸ்பத்திரித் தவறுக்கு கோர்ட் விதிக்கும் நஷ்டஈடும் பெரும்பாலும் அப்படித்தான்.

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை அவசியம். அங்கே அதைச் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது.

தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. தந்தை விடவில்லை. 2015 ஜூலை 1-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. அதில் சுமார் 1 கோடியே 70 லட்சம் அரசும் மருத்துவமனையும் தர வேண்டியது. இரண்டு டாக்டர்கள் சேர்ந்து தர வேண்டியது சுமார் 11 லட்சம்.

அரசுப் பணம் என்றால் நம் வரிப்பணம். தனியார் ஆஸ்பத்திரியிலும் டாக்டர்கள் இதற்கென இன்சூரன்ஸ் எடுக்கிறார்கள். அந்த பிரீமியம் நம் பில்லில் வந்து சேரும். அதற்காக வழக்கே போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பு வரும்வரை அந்தக் குடும்பம் 19 வருடம் எல்லாச் செலவையும் தானே சுமந்தது. அந்தச் சுமை அவர்கள் தலையில் மட்டும் இருப்பது நியாயமில்லை.

மணமேல்குடி, அறந்தாங்கி, புதுக்கோட்டை என்று அலையும் நாம் சிலவற்றை ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், மருந்துச் சீட்டு, பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சிகிச்சை ஆவணங்களின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி.

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். மதுரையிலோ தஞ்சாவூரிலோ வைத்தியம் பார்த்திருந்தாலும், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டமான புதுக்கோட்டையிலேயே மனு கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதற்கு சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

சிகிச்சை பலிக்காமல் போவதெல்லாம் டாக்டரின் தவறு ஆகிவிடாது. கோர்ட் பார்ப்பது, செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பதைத்தான். கோபத்தில் கை நீட்டினால் வழக்கு நம் மேல்தான் திரும்பும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்தால், "கண் பரிசோதனை எப்போது, டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். அந்தச் சோதனைக்குச் சில நிமிடம் போதும். 1996-ல் அது நடந்திருந்தால் அந்த வழக்குக்கே வேலை இருந்திருக்காது.