ஊர்ப்பட்டியலும் உண்மைக் காவலும்

 

தமிழ்ப் புலவர்க்கும் ஊருக்கும் உள்ள உறவு தொன்மையானது. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் எனச் சங்கப் புலவர் பலருடைய பெயர்கள் ஊரோடு ஒட்டியே இன்றளவும் நிற்கின்றன. ஊரைப் பாடிய பாவலர்க்குப் புகழ் கிடைத்தது. ஊர்களை முறையாகத் தொகுத்துப் பிழையின்றிக் காத்தவர்க்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. இணையக் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவில் ஒரு மாநிலத்தின் நகரங்களைப் பட்டியலிட்டு, அப்பட்டியலைத் தொடர்ந்து பேணிவரும் பணி இவ்வகையைச் சார்ந்தது. தமிழ்நாட்டு நகரங்களின் பட்டியலை எடுத்துக்காட்டாகக் கொண்டு அப்பணியின் அருமையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

தொகுத்தல் மரபு

தொகுத்துரைக்கும் மரபு தமிழுக்குப் புதியதன்று. திவாகர நிகண்டு இடப்பெயர்களுக்கெனத் தனித் தொகுதியே வகுத்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராய் உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ ஊர்ப்பெயர் ஆய்வுக்குக் கால்கோள் செய்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது.

இப்பெரும்பணியின் இடையே நிகழ்ந்த மாற்றங்கள் எண்ணத்தக்கன. முதல் தொகுதி வெளிவந்த இரண்டாண்டில், 1956இல், மொழிவழி மாநிலப் பிரிப்பால் மாநிலத்தின் எல்லையே மாறியது. பத்தாம் தொகுதி வெளிவந்த மறு ஆண்டில், 1969 சனவரி 14ஆம் நாள், மாநிலத்தின் பெயரும் தமிழ்நாடு என மாறியது. அச்சேறிய பக்கம் இம்மாற்றங்களை எட்டிப்பிடிக்க இயலாது. இக்குறையை நீக்கும் வாய்ப்பு 2001இல் ஆங்கிலத்திலும் 2003இல் தமிழிலும் தொடங்கிய விக்கிப்பீடியாவால் கிட்டியது. அங்கு எப்பக்கத்தையும் எந்நாளும் திருத்தலாம். எந்நாளும் திருத்தலாம் என்பதனாலேயே அதனை எந்நாளும் காக்க வேண்டிய கடமையும் உடன் பிறந்தது.

நகரம் எது?

பட்டியலிடுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா, எது நகரம் என்பது. பெயரின் ஈற்றைக் கொண்டு இதற்கு விடை காண இயலாது. ‘பட்டி’ என முடியும் கோவில்பட்டி நகராட்சியாக இருக்கிறது. ‘ஊர்’ என முடியும் ஓசூரும் ‘குடி’ என முடியும் தூத்துக்குடியும் மாநகராட்சிகளாக உயர்ந்துவிட்டன.

சட்டம் ஒரு விடை தருகிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எனும் பகுப்பு அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ பிறிதொரு விடை தருகிறது. ஐயாயிரம் பேரேனும் வாழ்தல், ஆண் முதன்மைத் தொழிலாளருள் 75 விழுக்காட்டினரேனும் வேளாண்மை சாராத தொழில் புரிதல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேரேனும் இருத்தல் ஆகிய மூன்றும் அமைந்த ஊர், சட்டத்தின் பார்வையில் ஊராட்சியாகவே இருப்பினும், கணக்கெடுப்பில் நகர்ப்புறமாகக் கொள்ளப்படும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சட்டவழி நகர்ப்புற ஊர்கள் 721. கணக்கெடுப்புவழி நகர்ப்புற ஊர்கள் 376. ஓர் இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் ஊரையே ‘நகரம்’ எனும் பெரிய வகுப்பில் அக்கணக்கெடுப்பு அடக்கும். ஆகவே எந்த அளவுகோல் கொள்ளப்பட்டது என்பதை முகப்பிலேயே உரைக்காத பட்டியல், அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் சரியாக இருப்பினும், பயில்வோரை மயங்கவே வைக்கும்.

எண்ணும் எல்லையும்

இரண்டாவது இடர் எண்களால் நேர்வது. 2011 கணக்கெடுப்பு சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகையை 46,46,732 எனக் காட்டியது. அது 174 சதுர கிலோமீட்டர் பரப்புடைய பழைய சென்னைக்கு உரிய எண். அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய எண்ணைப் புதிய பரப்பின் அருகில் எழுதினால் இரண்டும் உண்மையாயிருக்க, இரண்டும் சேர்ந்த வரி பொய்யாகிவிடும்.

அம்பத்தூரின் நிலை இதனினும் நுட்பமானது. கணக்கெடுப்பில் அது 4,66,205 மக்களைக் கொண்ட தனி நகராட்சி. திருப்பூர் மாநகராட்சியின் 4,44,352ஐ விடப் பெரியது. சில திங்களில் அது சென்னையோடு இணைந்தது. ஆகவே 2011ஆம் ஆண்டுக்குரிய பட்டியலில் அம்பத்தூர் இருந்தே ஆகவேண்டும். இன்றைய மாநகராட்சிகள், நகராட்சிகளின் பட்டியலில் அதற்குத் தனி வரிசை இருத்தல் ஆகாது. பல்லாவரம் எனப் பலரும் வழங்கும் பல்லவபுரம் நகராட்சியும் அவ்வாறே 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கியது. 2011இல் பல்லவபுரத்தின் மக்கள்தொகை தாம்பரத்தினும் மிகுதி. பெரியது சிறியதன் பெயருக்குள் மறைந்த இச்செய்தியை, அடிக்குறிப்பு ஒன்று காத்து வைக்காவிடில், பின்வருவோர் அறியமாட்டார்.

சேலம், திருப்பூர் ஆகியவற்றின் வரிசையும் கருதத்தக்கது. மாநகராட்சி எல்லையைக் கொண்டு நோக்கின், 2011இல் சேலம் ஏறத்தாழ 8 இலட்சத்து 29 ஆயிரம் மக்களோடு திருப்பூரினும் மிக முந்தி நிற்கும். சூழ்ந்துள்ள ஊர்களையும் சேர்த்து நகர்த்தொகுதியாகக் கணக்கிடின், திருப்பூர் 9 இலட்சத்து 60 ஆயிரத்தைக் கடந்து சேலத்தை முந்திவிடும். இரண்டு வரிசைகளும் மெய்யே. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் வரிசையில் கலப்பதே பிழை.

2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிப்போயிற்று. 2025 சூனில் வெளியான அறிவிக்கை 2027 மார்ச் 1ஐ அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புநாளாக உரைத்தது. இவ்விடைக்காலத்தில் நகரங்கள் ஓய்ந்திருக்கவில்லை. 2011இல் பத்தாக இருந்த மாநகராட்சிகள் 2021இல் இருபத்தொன்றாகவும், புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகியன சேர்ந்த 2024இல் இருபத்தைந்தாகவும் பெருகின. நிலை உயர்ந்தது, எண்ணிக்கை பழையதாகவே நின்றது. ‘2011 கணக்கெடுப்பின்படி’ எனும் குறிப்பைத் தாங்கிய பழைய எண், ஆதாரமற்ற புதிய மதிப்பீட்டினும் மேலானது.

பெயரின் வடிவம்

தமிழில் எழுதப்படும் பட்டியலுக்குப் பெயரும் ஒரு பொறுப்பாகும். நாகர்கோவில் என்பாரும் நாகர்கோயில் என்பாரும் உளர். ஓசூர், ஒசூர் என இருவகையாகவும் எழுதுவர். உதகமண்டலத்தை மக்கள் ஊட்டி என்றும் உதகை என்றும் அழைப்பர். குடந்தை, நெல்லை, கோவை முதலிய மரூஉப் பெயர்கள் செய்யுளில் மட்டுமன்றி நாள்வழக்கிலும் வாழ்கின்றன. இவற்றுள் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, ஏனையவற்றை வழிமாற்றுகளாக அமைத்து, எப்பெயரால் தேடினும் வாசகர் உரிய பக்கத்தை அடையுமாறு செய்வது பட்டியல் காப்போர் வழக்கம். வழக்கில் உள்ள எப்பெயரையும் இழக்காமல் ஒழுங்கை நிலைநாட்டும் இம்முறை நிகண்டாசிரியர்க்கும் உவப்பானதே.

2020 சூனில் தமிழ்நாட்டரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, மாறுபட்ட கருத்துகள் எழவே சில நாள்களில் அதனைத் திரும்பப் பெற்றது. ஆணை வந்த நாளன்றே பட்டியலை முழுதும் மாற்றுவோர் உடனே அதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர நேரும். அரசாணையை மதிப்பதோடு, அது நிலைபெறும் வரை பொறுத்திருப்பதும் காவலின் பகுதியாகும்.

காவலர் யார்?

இப்பணியைச் செய்வோர் ஊதியம் பெறாத தன்னார்வலர். அவர்கள் பட்டியலைத் தத்தம் கவனிப்புப் பட்டியலில் சேர்த்து வைத்து, மாற்றம் நிகழ்ந்தவுடன் நோக்குகின்றனர். தன் ஊர்மேல் கொண்ட பற்றினால் ஒருவர் மக்கள்தொகையைக் கூட்டி எழுதுவதுண்டு; வரிசையில் ஓரிடம் மேலேற்றுவதும் உண்டு. பற்று பழிக்கத்தக்கதன்று, ஆயினும் சான்றில்லாத எண்ணை நிற்கவிடல் ஆகாது. காவலர் அதனை முன்னிருந்த நிலைக்கு மீட்டு, உரையாடற் பக்கத்தில் காரணம் கூறிச் சான்று கேட்பர்.

ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த சான்றோர், பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டினர். தம் விருப்பத்திற்கேற்ப மூலத்தைத் திருத்தவில்லை. விக்கிப்பீடியாவின் ‘வரலாறு’ எனும் பகுதி அந்நெறியையே பின்பற்றுகிறது. எந்நாளில் எத்திருத்தம் எக்கணக்கின் வழி நிகழ்ந்தது என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது.

இதில் ஓர் ஊறும் உளது. பட்டியலில் புகுந்த பிழையை நாளிதழோ வினாத்தாளோ எடுத்தாளுமாயின், பின்னர் அவ்விதழே அப்பிழைக்குச் சான்றாகக் காட்டப்படும். பிழை தனக்குத்தானே சாட்சியாகிவிடும். அதனை அறுக்க வல்லது மூலத்தை நேரே திறந்து நோக்கும் உழைப்பு ஒன்றே. கணக்கெடுப்பு ஏடும் அரசிதழும் எவருக்கும் எட்டாதவையல்ல. பொறுமையோடு புரட்டுவோரே குறைவு.

இலக்கிய வட்டங்களுக்கு இங்கோர் இடமுண்டு. ஓர் ஊரின் பெயர் எவ்வாறு ஒலிக்கப்படுகிறது, எப்பகுதி எந்நாளில் எதனோடு இணைந்தது என்பவற்றை அவ்வூரில் வாழும் தமிழறிந்தோரே முதலில் அறிவர். தம் அறிவை நேரே எண்ணாக ஏற்றாமல், அதற்குரிய ஆவணத்தைத் தேடி எடுத்து, ஆண்டும் எல்லையும் குறித்து இணைப்பாராயின், ஒருவர்க்கு ஒரு வரி போதும். பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் வரியை மட்டும் ஏற்றுக் காப்பின், புதிய கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும் நாளில் தமிழ்ப் பட்டியல் பிறமொழிப் பட்டியலைப் பார்த்து எழுத வேண்டிய நிலையில் இராது. தமிழில் தேடும் மாணவர், தம் ஊரைப் பற்றிய செய்தியைத் தமிழிலேயே பிழையின்றிக் காண்பர். அவ்வழி அமைத்துத் தருமாறு இவ்வவையை வேண்டி இவ்வுரை நிறைவுறுகிறது.