பிரேக் ஒயர் ஒரே நாளில் அறுந்துவிடுவதில்லை

(பொதுக்குழுக் கூட்டத்துக்குப் பின் நமது சமுதாயக் கூடத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் வெளியிடுகிறோம்.)

செயலாளர் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். அதற்கப்புறம் தண்ணீர் லாரிக் கணக்கு பேச வேண்டுமாம். அதைவிட முக்கியமான விஷயம் என்னிடம் இல்லை என்று நீங்கள் நினைத்தாலும், இந்த இருபது நிமிடத்தை எனக்குக் கொடுங்கள்.

போன மாதம் நம் கீழ்த்தளப் பார்க்கிங் சரிவில் ஒரு கல்லூரிப் பெண் ஸ்கூட்டரோடு தூணில் மோதியது உங்களுக்குத் தெரியும். மணிக்கட்டில் அடி, அதிர்ஷ்டவசமாக அவ்வளவுதான். மறுநாள் காலையில் லிப்டில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "பிரேக் ஃபெயிலியர்." நான் போய் அந்த வண்டியைப் பார்த்தேன். இடது கை லீவர் தொளதொளவென்று கிடந்தது. லீவருக்குள் ஒயர் நுழைகிற இடத்தில் அறுந்திருந்தது. அந்த முனையைத்தான் இப்போது கையில் வைத்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். குத்தும், பார்த்துப் பிடியுங்கள்.

இதில் பாதிக்கு மேல் கம்பிகளின் முனை துருப்பிடித்துக் கறுத்திருக்கிறது. நாலைந்து கம்பி மட்டும்தான் பளபளவென்று இருக்கிறது. அன்று சரிவில் அறுந்தது அந்த நாலைந்துதான். மற்றவை எல்லாம் ஏற்கெனவே, ஒன்றன் பின் ஒன்றாக, மாதக்கணக்கில் அறுந்து முடிந்துவிட்டன.

அந்தப் பெண்ணின் அப்பாவிடம் விசாரித்தேன். "பிரேக் லூஸா இருக்குன்னு ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை டைட் பண்ணி வாங்கினோமே சார்" என்றார். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கம்பியாக அறும்போது மிச்சமிருக்கும் கம்பிகள் கொஞ்சம் நீளும், லீவர் லூஸாகும். பின்சக்கரத்தில் இருக்கிற நட்டைத் திருகினால் லீவர் மறுபடி இறுகிவிடும். பிரேக் ஷூ தேய்ந்தாலும் இதே மாதிரி லூஸாகும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நட்டைத் திருகியவர் லீவர் பக்கம் ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இந்தக் கேபிள் என்பது என்ன என்று பார்ப்போம். எர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய சாதனம் இது. இன்றைக்கும் மெக்கானிக் புத்தகங்களில் பௌடன் கேபிள் என்றுதான் பெயர். உள்ளே மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கிய ஒயர். அதை இன்னர் என்போம். வெளியே ஸ்பிரிங் மாதிரி நெருக்கமாகச் சுற்றிய கம்பிக் குழாய், அதன்மேல் கறுப்பு பிளாஸ்டிக் உறை, அது அவுட்டர். இப்போது வருகிற நல்ல கேபிள்களில் இரண்டுக்கும் நடுவே வழவழப்பான நைலான் அல்லது டெஃப்லான் குழாய் ஒன்றும் இருக்கும்.

இன்னர்தான் வேலை செய்கிறது, அவுட்டர் சும்மா மேல்சட்டை என்று பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. வளைந்து கிடக்கும் ஹோஸ் பைப்புக்குள் ஒரு கயிற்றை விட்டு இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், பைப் நிமிரப் பார்க்கும். இன்னர் எவ்வளவு விசையோடு இழுக்கப்படுகிறதோ, அவ்வளவு விசையோடு அவுட்டர் நெருக்கப்படுகிறது. அதனால்தான் அவுட்டரின் முனை அதன் குழியில் சரியாக உட்காராவிட்டால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். கறுப்பு உறை வெடித்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போகும். வாட்டர் சர்வீஸ் என்று பிரஷரில் அடிக்கிறார்களே, அந்தத் தண்ணீர் இன்னும் சுலபமாகப் போகும். போன தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது.

சரி, ஒயர் ஏன் பெரும்பாலும் லீவர் முனையிலேயே அறுகிறது? அந்த முனையில் சின்ன உருளை ஒன்று இருக்கிறது, நிப்பிள் என்போம். லீவரைப் பிடிக்கும்போது லீவர் வட்டமாகத் திரும்பும், ஒயரோ நேராக வர வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட நிப்பிள் தன் துளைக்குள் உருள வேண்டும். துளை காய்ந்து தூசியேறிப் பிடித்துக்கொண்டால் நிப்பிள் உருளாது. அப்போது யார் வளைவது? ஒயர் வளையும், நிப்பிளுக்கு ஒட்டிய அந்த ஒரே புள்ளியில். ஒரு ஜெம் கிளிப்பை முன்னும் பின்னும் மடக்கினால் என்ன ஆகும் என்று ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். அண்ணா சாலையில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்குள் எத்தனை தடவை கிளட்ச் பிடிக்கிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். ஒரு பட்டாணி அளவு கிரீஸை அந்த நிப்பிளில் வைத்தால் போதும். பல வீடுகளில் வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த இடத்தை யாரும் தொட்டதே இல்லை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சிலர் பார்க்கிறீர்கள். எண்பதுகளில் நான் ஒர்க்‌ஷாப் பையன். ராஜ்தூத், யெஸ்டி, விஜய் சூப்பர் எல்லாம் வரும். புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் அலைந்தும் கேபிள் கிடைக்காவிட்டால் நாங்களே செய்வோம். ஒருநாள் ஒருவர் அவசரமாக நிற்கிறார், முன்பிரேக் கேபிள். ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. நான் கேஸ் டார்ச்சை எடுத்து நிப்பிளோடு சேர்த்து ஒயரையும் சிவக்கச் சிவக்கக் காய்ச்சிவிட்டேன். ஈயம் அழகாக ஓடியது. ஒயர் நீலமும் கறுப்புமாக நிறம் மாறியதைப் பார்த்தேன், துடைத்துவிட்டு மாட்டிவிட்டேன். அந்தக் கம்பி இழுத்து இழுத்துக் கெட்டிப்படுத்தின கம்பி. அப்படிக் காய்ச்சினால் அந்தக் கெட்டித்தனம் போய், கட்டுக்கம்பி மாதிரி ஆகிவிடும். எனக்கு அது அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். மூன்றாம் நாள் அவர் தோள்பட்டை எலும்பில் கட்டோடு வந்தார். "ஒயரே மட்டமான சரக்கு சார்" என்று சொன்னேன். அவரும் நம்பிக்கொண்டு போனார். அதற்கப்புறம் பலமுறை அவரைத் தெருவில் பார்த்திருக்கிறேன், சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை. உங்கள் முன்னால்தான் முதல் தடவை சொல்கிறேன்.

போகட்டும். நம் தோட்டத்துப் புல்வெட்டும் மெஷினுக்கு வருவோம். அதன் ஆக்ஸிலேட்டர் கேபிள் அறுந்து, தோட்டக்காரர் கார்புரேட்டரில் சணல் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அதாவது விரலை எடுத்தாலும் பிளேடு நிற்காது. அதைப் பார்த்த அன்றே நிறுத்தச் சொன்னேன். அந்த மாடலுக்குக் கேபிள் தேடிக் கிடைக்கவில்லை. ஆகவே செய்தேன், இதோ.

முதலில் அளவு. அவுட்டரின் நீளம் ஒன்று. அதைவிட முக்கியம், இன்னர் அவுட்டரைவிட எவ்வளவு அதிகம் என்பது. பழைய கேபிளை ஒரு பக்கமாக முழுக்க இழுத்துப் பிடித்து, வெளியே தெரியும் ஒயரை அளக்க வேண்டும். அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகிவிட்டு அளந்தால்தான் பிறகு திருக இடம் இருக்கும். அவுட்டரை வெட்டினால் முனையில் கம்பி உள்பக்கமாக மடங்கி நிற்கும். அதை அரத்தால் தட்டையாக ராவி, உள்ளே ஒரு ஆணியை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிசிறு ரம்பம் மாதிரி இன்னரை அறுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னரை வெட்டும் முன் வெட்டப்போகிற இடத்தில் கொஞ்சம் ஈயம் ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் புரி பிரிந்துவிடும். கட்டிங் பிளேயரால் நசுக்காதீர்கள். கூரான உளியும் இரும்புக் கட்டையும் நல்லது. பிறகு பித்தளை நிப்பிளைக் கோர்த்து, முனையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கம்பிகளை ஊமத்தம்பூ மாதிரி விரிக்க வேண்டும். நிப்பிளின் வாயில் கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கும், விரிந்த கம்பி அந்தக் குழியில் உட்காரும். இழுவையைத் தாங்குவது ஈயம் மட்டும் இல்லை, இந்த விரிப்பும்தான். விரிக்காமல் வெறுமனே ஈயம் ஊற்றின நிப்பிள் ஒருநாள் மோதிரம் கழன்ற மாதிரி கையோடு வந்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, ஃபிளக்ஸ் தடவி, உருகிய ஈயத்தில் நிப்பிளை முக்கிப் பிடிக்க வேண்டும். ஒயருக்கு நேராக நெருப்புக் காட்டவே கூடாது. அறுபதுக்கு நாற்பது ஈயம் 190 டிகிரி வாக்கில் உருகிவிடும், அந்தச் சூட்டில் எஃகுக்கு ஒன்றும் ஆகாது. ஈயக் கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கை கழுவாமல் முறுக்கு எடுக்காதீர்கள். ஃபிளக்ஸ் அமில வகையாக இருந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் முனையைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ஈயம் முடிகிற இடத்தில் துரு உட்கார்ந்து அங்கேயே அறும்.

இரண்டாவது நிப்பிளை வைக்கும் முன் ரப்பர் மூடி, அட்ஜஸ்டர், முனைத்தொப்பி எல்லாவற்றையும் வரிசையாகக் கோர்த்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். நாற்பது வருட அனுபவம் என்று பெருமை பேசுகிற நான் இந்தக் கேபிளில் ரப்பர் மூடியை மறந்துவிட்டேன். வைத்த ஈயத்தை உருக்கி மறுபடி முதலிலிருந்து.

செய்து முடித்ததும் ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையில் நம் இருபது லிட்டர் தண்ணீர் கேனை நிறைத்துத் தொங்கவிட்டேன். ஆக்ஸிலேட்டருக்கு அது தாராளம். ஆனால் பிரேக்குக்கு இந்தச் சோதனை போதாது. லீவர் உங்கள் கைவிசையைப் பல மடங்கு ஆக்கி ஒயருக்குக் கொடுக்கிறது, பயத்தில் பிடிக்கும் பிடியோ சாதாரணப் பிடி இல்லை. ஆகவே பிரேக் கேபிளை யாரும் வீட்டில் செய்ய வேண்டாம், ஈயம் வைத்துப் பழுதுபார்க்கவும் வேண்டாம். முழுக் கேபிளாகப் புதிதாக மாற்றுங்கள். சாதாரண வண்டிகளுக்கு ஒரு குடும்ப பிரியாணி விலைகூட ஆகாது.

நீங்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில. லீவரைப் பிடித்துக்கொண்டு, நிப்பிள் பக்கம் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஒரு கம்பி துருத்தி நின்றாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருப்பதுதான் பெரும்பாலான பைக்குகளுக்குச் சரி. உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் பிளேட் தேயும். ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டால் தானாகச் சட்டென்று திரும்ப வேண்டும், ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி இரண்டிலும் வைத்துப் பாருங்கள். பைக்காக இருந்தால் மெயின் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். திருப்பும்போது என்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் தப்பான வழியில் போகிறது, அல்லது நீளம் பத்தவில்லை. யூ-டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாய்வது இப்படித்தான்.

ஓடும்போது ஆக்ஸிலேட்டர் திரும்பாமல் மாட்டிக்கொண்டால் பைக்கில் கிளட்சைப் பிடித்து கில் ஸ்விட்சை அழுத்துங்கள். ஸ்கூட்டரில் பிடிக்கக் கிளட்ச் கிடையாது. கில் ஸ்விட்ச் இருந்தால் அது, இல்லாவிட்டால் சாவியை ஆஃப் வரை மட்டும் திருப்பி இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள். சாவியைப் பூட்டு வரைக்கும் கொண்டுபோய்விடாதீர்கள், ஹேண்டில்பார் பூட்டிக்கொள்ளும்.

எண்ணெய் பற்றி பலர் கேட்டீர்கள். கேபிளைக் கழற்றி நேராகத் தொங்கவிட்டு, மேல்முனையில் பாலிதீன் பையைப் புனல் மாதிரி ரப்பர் பேண்டால் கட்டி, மெல்லிய எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கீழ்முனையில் சொட்டும். முதலில் கறுப்பாகச் சொட்டினால் அது உள்ளேயிருந்த அழுக்கு. ஆனால் உள்குழாய் வைத்த கேபிள்களுக்குப் பொதுவாக இது தேவைப்படாது, கையேடு சொன்னால் மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், நாளாக ஆகப் பிசினாகும். உள்ளே கிரீஸும் வேண்டாம், தூசியைச் சேர்த்துப் பிசைந்துவிடும். கிரீஸ் நிப்பிளுக்கு மட்டும். நெடுந்தூரம் போகிறவர்கள் புது கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே போட்டு, இரண்டு முனையையும் டேப் சுற்றி மூடிக் கட்டிவைக்கலாம். நடுவழியில் அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டிய வேலை மிச்சம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், புரிகிறது. வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை எட்டு மணிக்கு ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். வண்டியைக் கொண்டுவாருங்கள், லீவர் முனையைப் பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். கேபிள் மாற்ற வேண்டியிருந்தால் உங்கள் மெக்கானிக்கிடம் போங்கள். அறுந்த பழையதை மட்டும் எனக்குக் கொண்டுவந்து கொடுங்கள், பிள்ளைகளுக்குக் காட்ட வைத்துக்கொள்கிறேன். தோட்டக்காரரிடம் மெஷினை நாளை காலை ஒப்படைக்கிறேன். அவர் மறுபடி சணல் கட்டினால் யாராவது எனக்குப் போன் செய்யுங்கள்.