இளவேனிலும் இல்லமும்

பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் வேளையில் நம் ஊர்களில் ஒரு புதுமை நிகழ்கிறது. நல்ல மழை பெய்து மூன்று நான்கு திங்கள் ஆகியிருக்கும். குளங்கள் வற்றுகின்றன, வரப்பிலே புல் காய்கிறது. அந்த வறட்சியிலேதான் வேம்பு பூக்கிறது. அரசு செந்தளிர் விடுகிறது. புங்கு நிழல் பரப்புகிறது. நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, சித்திரையும் வைகாசியுமாகிய இக்காலத்திற்கு இளவேனில் என்று பெயரிட்டனர். குளிர்நாடுகளில் வசந்தம் பனி உருகிய பின்னர் வருவது. நம் நாட்டு வசந்தமோ கடும் வெயிலின் வாயிலில் நின்றுகொண்டு பூக்கிறது.

மழையற்ற நாளில் மரம் எதை நம்பித் துளிர்க்கிறது? ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்று தந்த நீர், நிலத்தின் ஆழத்தில் தங்கியிருக்கிறது. ஆழ வேரோடிய மரம் அதனைப் பருகுகிறது. கண்ணுக்குத் தெரியும் தளிருக்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத ஈரமே.

இலை உதிர்வதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இலை முதிர்ந்ததும் அதிலுள்ள பச்சையம் சிதைகிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துக்களில் பெரும்பகுதியை மரம் தன் கிளைக்குள் மீட்டுக்கொள்கிறது. பின்னரே காம்பின் அடியில் மெல்லிய பிரிவு அடுக்கு ஒன்று உண்டாகி, இலை கழன்று விழுகிறது. மீட்ட சத்து புதுத் தளிருக்கு உதவுகிறது. ஆகவே சருகு வெறுங்கையோடு வந்தது, வெறுங்கையோடு போயிற்று என்று சொல்வதற்கில்லை. தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போயிற்று.

இதனை நூலிற் கற்பதற்கு முன்பே இல்லத்தில் நான் கண்டேன். எனது இளமையில், ஒரு மாசித் திங்களில் என் பாட்டனார் காலமானார். அவ்வாண்டு எங்கள் வீட்டிற்குப் பண்டிகை இல்லை. கொல்லையிலிருந்த வேம்போ எங்கள் துயரம் அறியாததுபோல் இலையைக் கொட்டிற்று, தளிர்த்தது, பூத்தது. சித்திரைப் பிறப்பிற்கு முதல்நாள் விடியலில், பாட்டி மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்து, உதிர்ந்த பூவைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சினம் வந்தது. “நமக்குத்தான் பண்டிகை இல்லையே, பாட்டி! யாருக்காக இந்தப் பூ?” என்று கேட்டேன்.

“நமக்கு இல்லை, அப்பா, எதிர்வீட்டுக்கு உண்டே. அவர்கள் வீட்டில் வேப்பமரம் இல்லை. ஆண்டுதோறும் உன் தாத்தாதான் பூக் கொண்டுபோய்க் கொடுப்பார்,” என்றார் பாட்டி.

அவர் அழவில்லை, எனக்கு அறிவுரை கூறவும் இல்லை. பூவைப் புடைத்து, காம்பு நீக்கி, ஓலைக் கொட்டானில் இட்டு என் கையில் கொடுத்தார். தாத்தா நடந்த அந்தப் பத்தடித் தெருவை நான் நடந்து கடந்தேன். மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் ஒரு கிண்ணத்தில் வேப்பம்பூப் பச்சடி கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் பாட்டியின் அருகே அமர்ந்தார். வெல்லமும் புளியும் மாங்காயும் கசப்பும் கலந்த அந்தச் சுவையைப் பாட்டி நாவில் வைத்தபோதுதான் அவர் கண்கள் கலங்கின. இழப்பை மறப்பது வேறு. இழந்தவர் செய்த நன்மையைத் தொடர்ந்து செய்வது வேறு. இரண்டாவதே ஆறுதல் தரும் என்பதை அன்று உணர்ந்தேன்.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர், நீற்றறையில் இடப்பட்டபோது ஒரு பதிகம் பாடினார் என்று பெரியபுராணம் கூறும். இறைவனின் திருவடி நிழல் எத்தகையது என்று உணர்த்த, நிலவு, காற்று, பொய்கை ஆகியவற்றோடு இளவேனிலையும் அவர் உவமையாக எடுத்துக்கொண்டார். இவற்றுள் ஒன்றேனும் பொன்னால் வாங்கத்தக்கதன்று. ஏழைக்கும் செல்வருக்கும் பொதுவானவை. வெம்மையின் நடுவே அவருக்கு இளவேனில் நினைவுக்கு வந்ததென்றால், அது அவர் உள்ளத்தின் ஆழத்தில் முன்பே சேர்ந்திருந்த ஈரம் அன்றோ?

மாணவ மாணவியரே, தேர்வும் கவலையும் உங்களைச் சூழும் காலமும் இதுவே. ஒருநாள் விடியலில் கால்மணி நேரம் ஒரு மரத்தடியில் அமைதியாக அமர்ந்திருங்கள். பின்னர் வீட்டிற்குள் சென்று, உங்கள் பாட்டியோ பாட்டனாரோ இருப்பின், அவர்கள் அருகில் சற்று நேரம் இருங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் வேரில் ஈரம் சேர்த்தவர்கள் அவர்கள். வறண்ட நாள் உங்கள் வாழ்விலும் வரும். அன்று நீங்கள் துளிர்ப்பதற்கு அந்த ஈரம் துணைநிற்கும்.