பார்த்துக்கொள்கிறவளை யார் பார்ப்பது?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புற்றுநோய் பற்றி டாக்டர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். நான் டாக்டர் இல்லை. "இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் உம்மாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள். அப்போது எனக்குச் சென்னையில் கடை. நம் பக்கத்து வழக்கப்படி வீடு ராத்தாவுக்கு, உம்மாவும் அங்கேதான். மாதம் தவறாமல் பணம் அனுப்பினேன், அதோடு என் கடமை தீர்ந்தது என்றே நினைத்தேன். கடைசியில் வந்து பத்து நாள் தங்கியபோதுதான் பார்த்தேன். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. ஐந்து மாதமாக ராத்தா ஓர் இரவும் முழுதாகத் தூங்கவில்லை. பகலில் நலம் விசாரிக்க ஆட்கள். அவர்களுக்கு டீ. வந்தவர் ஒவ்வொருவருக்கும் நோயின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதுவும் உம்மா காதில் விழும்படி. "நீ எப்படிம்மா இருக்கே?" என்று அவளைக் கேட்டவர் யாருமில்லை. போனில் நானும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

நோயாளியைப் பார்க்கப் போவது நம் மீதுள்ள ஹக். அதை நாம் விடுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பத்ருப் போர் நடந்தபோது உஸ்மான் (ரலி) அவர்கள் எங்கே இருந்தார்கள்? நபி (ஸல்) அவர்களின் மகளும் தம் மனைவியுமான ருகையா (ரலி) நோயுற்றிருந்ததால், நபியவர்களின் சொல்படி மதீனாவில் தங்கிவிட்டார்கள். போரில் கலந்துகொண்டவருக்கு உரிய நன்மையும் பங்கும் அவர்களுக்கு உண்டு என்று நபியவர்கள் அறிவித்தார்கள். பணிவிடைக்காகத் தங்கியவர் ஓர் ஆண் என்பதையும் கவனியுங்கள். நம் வீடுகளில் இதைப் 'பொம்பளை வேலை' என்று ஒதுக்கிவிட்டோம்.

பக்கத்துக் கேரளாவில் இதை ஊர் வேலையாக்கியிருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் வலி நிவாரண சிகிச்சையைத் தொடங்கினார்கள். பிறகு மலப்புறத்தில் அக்கம்பக்கத்தாரே அதைக் கையில் எடுத்தார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், நோயாளிகளிடையே சில நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். கடைக்காரர், மாணவர், குடும்பத் தலைவி என்று சாதாரண மனிதர்கள்தான். 2008இல் கேரள அரசே இதைக் கொள்கையாக அறிவித்தது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இப்படிப்பட்ட நோயாளிகளைக் கவனிக்கும் சேவை உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மார்ஃபின் மாத்திரை என்றால் 'போதை, பழக்கமாகிவிடும்' என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நாங்களும் நிறுத்தினோம். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது மருந்து. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். 1985 சட்டத்தால் அது கிடைப்பதே சிரமமாக இருந்தது, 2014இல் திருத்தினார்கள். உம்மா பல்லைக் கடித்துக் கிடந்த அந்த மூன்று இரவுகளை நினைத்தால் இன்றும் நான் தவ்பா செய்கிறேன்.

நம் அறக்கட்டளை சிகிச்சைக்குப் பணம் தருகிறது, இன்ஷா அல்லாஹ் இனியும் தரும். இனி ஒரு நோட்டும் வைக்கப்போகிறோம். வாரத்தில் ஓர் இரவு கண்விழிக்க முடிந்தவர்கள் அதில் பெயர் எழுதுங்கள். பெண் நோயாளிக்குப் பெண்கள், ஆண் நோயாளிக்கு ஆண்கள். இரவு முடியாதவர்கள் ஒரு வேளைச் சோறு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மருந்து வாங்கி வருவது என்று முடிந்ததை எழுதலாம்.

உம்மா மவ்த்தாகி வெகுநாள் கழித்து ராத்தாவிடம் கேட்டேன், "அப்போ உனக்கு என்னதான் வேணும்னு இருந்துச்சு?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு ராத்திரி தூங்கணும்னு இருந்துச்சு."

நோட்டு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. வஸ்ஸலாம்.