லைசென்சை எவனும் விற்க முடியாது

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஸ்பின்னிங் மில் தோழர் ஒருவர் நமது ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு ஒப்பந்தப் பத்திரம். அவருடைய மகள் பிசியோதெரபி தேறியிருக்கிறாள். முடங்கிய கை கால்களை மறுபடி இயங்க வைக்கும் வைத்தியப் படிப்பு அது; பயிற்சியையும் சேர்த்து நாலரை வருஷம் படித்திருக்கிறாள். "அமெரிக்காவில் லைசென்சு வாங்கித் தருகிறோம், நாலு லட்சம் கட்டுங்கள்" என்கிறானாம் ஏஜெண்டு. வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கத்தான் தோழர் வந்தார்.

பத்திரத்தை வரிவரியாகப் படித்தோம். எந்த ஊரில் வேலை, என்ன சம்பளம் என்று ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் விலகினால் எவ்வளவு தண்டம் கட்ட வேண்டும் என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது!

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறோம். உங்களிலும் பலர் கடன் வாங்கிப் பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்த்திருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் லைசென்சு கொடுப்பது அந்தந்த மாகாணத்தின் போர்டு. முதலில் நம் பிள்ளை படித்ததை அந்த நாட்டுப் படிப்போடு பாடம் பாடமாக ஒத்துப் பார்ப்பார்கள். குறை இருந்தால் அந்தப் பாடங்களைத் தனியாகப் படித்துத் தேற வேண்டும். ஆகவே பாடத்திட்டம், பயிற்சி செய்த மணிக்கணக்கு எல்லாவற்றையும் படிக்கும்போதே முத்திரையோடு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து வருஷம் கழித்துப் போய் நின்றால் கல்லூரிக் குமாஸ்தா கையை விரிப்பார். ஆங்கிலத் தேர்வு வேறு இருக்கிறது. பிறகு தேசியத் தேர்வு. அமெரிக்காவிலேயே படித்தவர்களும் இதைத்தான் எழுதுகிறார்கள். ஐந்து மணி நேரம். 200-லிருந்து 800 வரை உள்ள அளவில் 600 எடுக்க வேண்டும். ஆயுளில் ஆறு தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

பிரிட்டனில் இப்படிப் பொதுத் தேர்வு இல்லை. எச்.சி.பி.சி. என்ற பதிவு மன்றம் படிப்பையும் அனுபவத்தையும் பரிசீலிக்கிறது. அதில் பதியாமல் பிசியோதெரபிஸ்ட் என்று பெயர் போட்டுக் கொள்வதே அங்கே குற்றம்.

இன்னொரு கதையையும் கேளுங்கள். தேர்வு எழுதியவர்கள் கேள்விகளை மனப்பாடம் செய்து வந்து சொல்ல, சில பயிற்சிக் கடைகள் அவற்றை அடுத்தவர்களுக்கு விற்றன. 2010-ல் இது அம்பலமானது. என்ன செய்தார்கள் தெரியுமா? இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து ஆகிய நாலு நாட்டுக் கல்லூரிகளில் படித்த அத்தனை பேருக்கும் கதவைச் சாத்தினார்கள்! ராப்பகலாகப் படித்தவனும் வெளியே நின்றான். அப்புறம் 2011-ல் வருஷத்துக்கு ஒரே தடவை என்று அவர்களுக்குத் தனித் தேர்வு வைத்தார்கள். சிலர் செய்த குற்றத்துக்கு நாலு நாட்டையும் தண்டித்தது அநியாயம்தான். ஆனால் அதற்குச் சாக்குக் கொடுத்தவர்கள் அந்தக் கடைக்காரர்கள். "முன்பு வந்த கேள்விகள்" என்று விற்பவனிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

லைசென்சு கிடைத்தாலும் விசா தனி. எச்-1பி விசா சாதாரணமாக வருஷத்துக்கு 85,000 பேருக்குத்தான். மனுக்கள் மிஞ்சினால் குலுக்கல். நிரந்தரமாகக் குடியிருக்கும் அட்டை விஷயத்தில், பிசியோதெரபிஸ்டுக்கு ஆள் பஞ்சம் என்று அந்த நாட்டுத் தொழிலாளர் இலாகாவே ஒப்புக்கொண்டு ஒரு படியைக் குறைத்திருக்கிறது. ஆனாலும் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை வருஷக்கணக்கில் நீளுகிறது. இதையெல்லாம் எந்த ஏஜெண்டு சொல்லுகிறான்?

நம் அரசாங்கத்திடம் பதிவு பெற்ற ஏஜெண்டுகூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம். நாலு லட்சம் எங்கே, இது எங்கே!

அந்தத் தோழர் வீட்டை அடமானம் வைக்கவில்லை. மகள் பாடத்திட்டம் கேட்டுக் கல்லூரிக்கு மனுப் போட்டிருக்கிறாள். உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பத்திரம் வந்தால், கையெழுத்துப் போடுமுன் ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். ஷிப்டு முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தாலும் சரி, உட்கார்ந்து படித்துச் சொல்லுகிறோம்.