எழுவாய் எங்கே?



கண்ணாடி டம்ளரைக் கீழே போட்ட பிள்ளையிடம் "என்னடா சத்தம்?" என்று கேட்டால், "உடைச்சுட்டேன்" என்று சொல்லாது. "உடைஞ்சுபோச்சு" என்றுதான் சொல்லும். டம்ளரே பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மாதிரி. 2003-இல் வந்த ஓர் அமெரிக்க ஆவணப்படத்தை அண்மையில் மறுபடி பார்த்தேன். படம் நெடுக இந்த "உடைஞ்சுபோச்சு" என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. படத்தின் பெயர் 'தி ஃபாக் ஆஃப் வார்', அதாவது போரின் மூடுபனி. இயக்குநர் எர்ரல் மாரிஸ். பேசுகிறவர் ராபர்ட் மெக்னமாரா. அப்போது அவருக்கு வயது 85.

1961-இலிருந்து 1968 வரை, அதிபர்கள் கென்னடியிடமும் ஜான்சனிடமும் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் மெக்னமாரா. அதற்கு முன் ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைவர். பிறகு 1981 வரை உலக வங்கியின் தலைவர். வியட்நாம் போருக்கு அமெரிக்காவிலேயே 'மெக்னமாராவின் போர்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் போரை எதிர்த்துக் கொடி பிடித்த மாணவர்களில் ஒருவர்தான் இந்த மாரிஸ். எதிரெதிரே உட்கார்ந்தவர்களின் பொருத்தம் அப்படி.

எதிரெதிரே என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் முன்னால், கேமராவை மறைத்தபடி ஒரு சாய்ந்த கண்ணாடி இருக்கும். வாசிக்க வேண்டிய வரிகள் அதில் ஓடும். மாரிஸ் அந்தக் கண்ணாடியில் எழுத்துகளுக்குப் பதிலாகத் தன் முகத்தையே தெரிய வைத்தார். பேசுகிறவர் கேள்வி கேட்பவரின் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறார். ஆனால் அந்தப் பார்வை நேரே லென்ஸுக்குள் போகிறது. அங்கிருந்து நம்மிடம் வருகிறது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு கிழவர் நம் கண்ணைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறார். அவர் விரலை நீட்டும்போது நாம் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்கிறோம்.

மெக்னமாரா லேசுப்பட்ட ஆள் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதே, கேட்டிருக்க வேண்டும் என்று நீ விரும்புகிற கேள்விக்குப் பதில் சொல் என்பதுதான் தான் கற்ற பாடம் என்று படத்திலேயே சிரித்துக்கொண்டு சொல்கிறார். தந்திரத்தைச் சொல்லிவிட்டே தந்திரம் செய்கிற துணிச்சல். மாரிஸ் அதற்கு வாதாடிப் பதில் சொல்லவில்லை. சுமார் இருபது மணி நேரப் பேச்சை வெட்டும்போது, வெட்டிய இடங்களை மறைக்காமல் விட்டுவிட்டார். வாக்கியத்தின் நடுவே படம் துள்ளுகிறது. முகம் ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று ஒவ்வொரு வெட்டும் காட்டிக்கொடுக்கிறது.

படத்தின் உச்சம் வியட்நாம் இல்லை, ஜப்பான். இரண்டாம் உலகப் போரில் மெக்னமாரா விமானப்படையின் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தார். குண்டுவீச்சில் எது சிக்கனம், எது விரயம் என்று கணக்குப் போடுவது வேலை. மேலதிகாரி கர்ட்டிஸ் லெமே. 1945 மார்ச் 9 இரவு டோக்கியோ மீது தீக்குண்டுகள் விழுந்தன. ஒரே இரவில் ஒரு லட்சம் பேர் வெந்து செத்தார்கள் என்று மெக்னமாராவே சொல்கிறார். அப்புறம் ஊர்ப் பட்டியல் வருகிறது: எந்த ஊர், எத்தனை விழுக்காடு அழிந்தது, அந்த அளவுள்ள அமெரிக்க ஊர் எது. டோக்கியோவுக்கு நியூயார்க். 99 விழுக்காடு அழிந்த டொயாமாவுக்குச் சாட்டனூகா. திரையில் விமானத்தின் வயிற்றிலிருந்து குண்டுகளுக்குப் பதில் எண்கள் கொட்டுகின்றன. கணக்குப்பிள்ளையைக் குற்றம்சாட்ட அவருடைய கணக்கையே எடுத்துக்கொண்டார் மாரிஸ். இதைவிடக் கூர்மையான படத்தொகுப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

தோற்றிருந்தால் நாங்கள் போர்க்குற்றவாளிகளாக நின்றிருப்போம் என்று லெமே சொன்னதை நினைவுகூர்ந்து, அது சரிதான் என்றும் மெக்னமாரா ஒப்புக்கொள்கிறார். அதில் உங்கள் பங்கு? அதைப் பரிந்துரைத்த ஓர் இயந்திரத்தின் ஒரு பாகமாக இருந்தேன், அதுவும் ஒருவகையில்தான் என்கிறார். வியட்நாம் காடுகளில் தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்சு' நஞ்சைப் பற்றிக் கேட்டால், நான் அனுமதித்ததாக ஞாபகமில்லை, ஆனால் நான் அமைச்சராக இருந்தபோது அது நடந்தது என்கிறார். நடந்தது. உடைஞ்சுபோச்சு.

இந்தப் படத்துக்குத் தமிழில் துணைத்தலைப்பு எழுதச் சொன்னால் நான் முதல் நாளே மாட்டிக்கொள்வேன். தவறிழைத்தோம் என்று அவர் சொல்கிற இடங்களில் வருகிற ஆங்கிலப் பன்மையைத் தமிழில் எப்படிப் போடுவது? 'நாங்கள்' என்பதா, 'நாம்' என்பதா? 'நாங்கள்' என்றால் வெள்ளை மாளிகையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப்பேர். 'நாம்' என்றால் பார்த்துக்கொண்டிருக்கிற நானும் உள்ளே. ஆங்கிலம் அவருக்கு இந்த நெருக்கடியைக் கொடுக்கவில்லை, தமிழ் கொடுத்திருக்கும்.

1962 கியூபா ஏவுகணை நெருக்கடியைப் பற்றிய பகுதி விறுவிறுப்பானது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் ஒட்டினாற்போல் பிடித்து, அணுப்போர் எவ்வளவு கிட்டத்தில் வந்து போனது என்று காட்டுகிறார். எனக்கு மனசில் நின்றது ஹனோய். 1995-இல் அங்கே போய், வியட்நாமின் முன்னாள் வெளியுறவு அமைச்சரோடு கைகலப்பு வராத குறையாகச் சண்டை போட்டதைச் சொல்கிறார். நீங்கள் வரலாறே படித்ததில்லையா, ஆயிரம் ஆண்டு சீனாவோடு மோதிய நாங்கள் சீனாவின் கைப்பாவையாக இருப்போமா என்று அந்த அமைச்சர் கேட்டாராம். அந்தச் சண்டையிலும் மெக்னமாரா கணக்கை விடவில்லை: செத்த வியட்நாமியர் 34 லட்சம், அமெரிக்க மக்கள்தொகைக்கு அது 2 கோடியே 70 லட்சத்துக்குச் சமம்.

படத்தின் பெரிய குறையும் அங்கேதான் இருக்கிறது. அந்த வியட்நாமியர் சொன்னதை நாம் மெக்னமாராவின் வாயால்தான் கேட்கிறோம். அந்தத் தரப்பிலிருந்து ஒரு குரலும் இல்லை. 34 லட்சத்தில் ஒருவருக்கும் முகம் இல்லை. மாரிஸ் இடையிடையே போடுகிற 'பதினோரு பாடங்கள்' என்ற தலைப்புகளும் எனக்கு உறுத்தல். நீதிநூல் மாதிரி வரிசை எண் போட்டதும் மூடுபனி கலைந்துவிடுகிறது.

கடைசிக் காட்சியில் மெக்னமாரா கார் ஓட்டிக்கொண்டு போகிறார். குரல் மட்டும் கேட்கிறது. பதவியிலிருந்து வெளியேறிய பிறகும் போரை எதிர்த்து ஏன் வாய் திறக்கவில்லை என்று மாரிஸ் கேட்கிறார். குற்ற உணர்வா என்றும் கேட்கிறார். பேசினாலும் பழி, பேசாவிட்டாலும் பழி என்றால் பேசாத பழியே இருக்கட்டும் என்கிறார் கிழவர். 'இயந்திரம்', 'பாகம்', 'ஒருவகையில்' எல்லாம் போய்விட்டது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிற அந்த இடத்தில், துணைத்தலைப்பு எழுதுகிறவனுக்கு ஒரு சந்தேகமும் வராது. தன்மை ஒருமை.