மீளா வாயிலும் மீண்ட வாயிலும்



யாத்திரை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கோயிலும் குளமும், ஆறும் கடலும். புண்ணியம் நாடி நடப்பதையே நம் முன்னோர் யாத்திரை என்றனர். உலகில் வேறொரு வகை யாத்திரையும் உண்டு. அங்கே வழிபடு தெய்வம் இல்லை, வேண்டுதலும் இல்லை. மனிதன் மனிதனுக்கு இழைத்த தீங்கை, அது நிகழ்ந்த மண்ணிலேயே கால் வைத்து அறிந்து வருவதுதான் அதன் பயன். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் அடிமை வாணிகம் நடந்த இடங்களின் ஊடே வழிகாட்டிகள் மக்களை அழைத்துச் செல்லும் நடைப்பயணம் இத்தகையது. இன்று நாம் இருந்த இடத்திலிருந்தே அவ்வழியில் சிறிது தொலைவு நடந்து வருவோம்.

பதினாறாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் இவ்வாணிகம் நடைபெற்றது. கப்பற் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர், ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் மக்கள் அட்லாண்டிக் கடலைக் கடக்க ஏற்றப்பட்டனர் என்று கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் மறுகரையில் இறங்கியவர் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேர். எஞ்சிய 18 லட்சம் பேருக்குக் கடலே கல்லறையாயிற்று. கரையை அடையுமுன் உள்நாட்டு வழிகளிலும், கப்பலுக்குக் காத்திருந்த நிலவறைகளிலும் மாண்டோர் இக்கணக்கில் சேராதவர்.

எண்கள் பெரியனவாயின் உள்ளம் மரத்துப் போகும். ஒரு கோடி என்று கேட்கும்போது கலங்காத நெஞ்சம், ஒரு சிறுவனின் கதையைக் கேட்டால் கலங்கும். நடைப்பயணத்தின் பயன் இங்குதான் உள்ளது. அது எண்ணை இடமாக்குகிறது; இடத்தை ஆளாக்கிக் காட்டுகிறது.

கானா நாட்டின் கடற்கரைக்கு முன்னாளில் பொற்கரை என்று பெயர். கிழக்கே கேட்டாவிலிருந்து மேற்கே பெயின் வரை, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீளத்தில், 1482-க்கும் 1786-க்கும் இடையே ஐரோப்பியர் வரிசையாகக் கோட்டைகளைக் கட்டினர். இவற்றுள் எஞ்சியவற்றை யுனெஸ்கோ 1979-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. வரிசையில் மூத்தது எல்மினா. போர்ச்சுகீசியர் 1482-இல் பொன் வாணிகத்துக்காகக் கட்டிய அதனை 1637-இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1872-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. பொன்னைத் தேடிக் கட்டிய கோட்டை, பிற்பாடு மனிதரைச் சரக்காக அடைத்து வைக்கும் கிடங்காக மாறியது. கொள்வோன் மாறினான், கொடிகள் மாறின, நிலவறை மட்டும் மாறவில்லை.

எல்மினாவுக்கு அண்மையில், கிழக்கே இருப்பது கேப் கோஸ்ட் கோட்டை. சுவீடன் நாட்டார் பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய இக்கோட்டை 1660-களில் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1877-இல் ஆட்சித் தலைமை அக்ரா நகருக்கு மாறும் வரை பொற்கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இதுவே. வெண்சுவரும், கடலை நோக்கிய பீரங்கி வரிசையும், விரிந்த முற்றமும் முதலில் கண்ணுக்கு இதமாகவே தோன்றும். வழிகாட்டி நம்மை அங்கே நெடுநேரம் நிற்க விடமாட்டார். சரிந்து இறங்கும் கல்தளத்தின் வழியே ஆடவர் அடைபட்ட நிலவறைக்கு அழைத்துச் செல்வார்.

உள்ளே ஒளி நுழைவது உயரத்தில் உள்ள சிறு துளைகளின் வழியே மட்டும். தரையில் கழிவுநீர் ஓடக் குறுகிய வாய்க்கால் ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கானோர் வாரக் கணக்காக, சில வேளை மாதக் கணக்காக, இங்கே கப்பலை எதிர்நோக்கி அடைபட்டுக் கிடந்தனர். வழிகாட்டிகள் இங்கே விளக்கைச் சிறிது நேரம் அணைத்துக் காட்டுவதும் உண்டு. அப்போது பேச்சு தானே அடங்கிவிடும். பின்னர் அவர் ஒரு செய்தியைக் கூறுவார்: இந்நிலவறையின் மேல்தான் ஆங்கிலேயர் வழிபாடு நடத்திய ஆலயம் இருந்தது. மேலே துதிப்பாடல், கீழே விலங்கொலி. இடையே இருந்தது ஒரு தளம் மட்டுமே.

முற்றத்தில் சில கல்லறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பிலிப் குவாக்கே என்பவருடையது. அவர் ஃபான்டே இனத்தவர். இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்கர். இதே கோட்டையில் நெடுங்காலம் குருவாகப் பணியாற்றினார். தம் மக்கள் அடைபட்ட கோட்டையிலேயே ஊழியம் புரிந்த அம்மனிதரை எவ்வாறு மதிப்பது என்பது எளிய வினா அன்று. இத்தகைய வினாக்களை நம் முன் வைப்பதே நல்ல வழிகாட்டியின் இலக்கணம்.

இனி, நாம் முன்னர்க் குறித்த சிறுவனிடம் வருவோம். அவன் பெயர் ஒட்டோபா குகோவானோ. 1770-ஆம் ஆண்டையொட்டி, தோழரோடு விளையாடிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டான். வயது ஏறத்தாழ பதின்மூன்று. பிடித்தவர்கள் ஐரோப்பியர் அல்லர், ஆப்பிரிக்கரே. அவனை இக்கோட்டைக்குக் கொணர்ந்து விற்றனர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைப்பட்டிருந்து, இங்கிலாந்து சேர்ந்து, 1787-இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். தமக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை எவை என்பதை அந்நூலில் அவர் பதிந்துள்ளார்: ஒரு துப்பாக்கி, ஒரு துண்டுத் துணி, சிறிது ஈயம்.

அந்தத் துணி எங்கே நெய்யப்பட்டது என்று எவராலும் கூற இயலாது. ஆனால் ஐரோப்பியர் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றிச் சென்ற சரக்கில் துணியே பெரும்பங்கு. அத்துணியில் மிகுதியானது இந்தியப் பருத்தித் துணி என்பது வாணிகப் பதிவுகளால் தெளிவாகிறது. சோழமண்டலக் கரையில் வாங்கிய ஒருவகை நெடுந்துணிக்குக் கினித் துணி என்றே வணிகர் பெயரிட்டிருந்தனர். கினிக் கரையில் விலைபோவதால் வந்த பெயர் அது. புதுச்சேரியில் அவுரி தோய்த்த நீலத்துணி, செனகல் ஆற்றங்கரையில் நாணயம் போலவே கைமாறிற்று. மாலத்தீவுச் சோழிகள் பெனின் கரையில் பணமாக வழங்கின. காஞ்சியிலோ கடலூரிலோ தறியில் குனிந்திருந்த நெசவாளி, தன் துணி எங்கே எதற்கு ஈடாகப் போகிறது என்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவன்மேல் பழி சுமத்துவது நம் கருத்தன்று. ஆயினும் நம் கடற்கரையின் நூலிழையும் அவ்வணிகத்தில் பின்னிக் கிடந்தது என்பதை அறிந்த பின், அந்நிலவறையை அயலார் வீட்டுத் துயரம் என்று கடந்து செல்ல இயலாது.

நிலவறையைக் கடந்தால் கடலை நோக்கிய ஒரு வாயில் வரும். அதற்கு மீளா வாயில் என்று பெயர். அப்பால் அலை மோதும் கரை. பெருங்கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, அடைபட்டோர் ஓடங்களில் கொண்டுசெல்லப்பட்டனர். இன்று அதே வாயிலைத் திறந்தால் வண்ணம் பூசிய மீன்பிடி ஓடங்களும், வலை பழுதுபார்க்கும் மீனவரும், விளையாடும் சிறுவரும் கண்ணிற்படுவர். துயரத்தின் வாசலுக்கு வெளியே வாழ்க்கை வழக்கம்போல் நடைபெறுகிறது.

1998-இல் இவ்வாயிலில் ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. ஜமைக்காவில் அடிமையாயிருந்த கிறிஸ்டல் என்னும் பெண்மணியின் எலும்புகளும், அமெரிக்காவில் அடக்கம் செய்யப்பட்டிருந்த சாமுவேல் கார்சன் என்பவரின் எலும்புகளும், கடற்பக்கத்திலிருந்து இவ்வாயில் வழியாகவே உள்ளே கொணரப்பட்டன. பின்னர் உள்நாட்டில், அசின் மான்சோ என்னும் ஊரில், அவை நல்லடக்கம் செய்யப்பட்டன. சங்கிலியில் நடத்திக் கொணரப்பட்டோர் கடலை அடையுமுன் கடைசியாக நீராடிய ஆறு அவ்வூரில்தான் ஓடுகிறது. வாயிலின் வெளிப்புறத்தில் இப்போது மீண்டு வரும் வாயில் என்ற பெயர்ப்பலகை உள்ளது.

மீண்டு வருதல் எளிதா? முன்னோர் பிரிந்த மண்ணைத் தேடிக் கறுப்பின அமெரிக்கர் பலர் இங்கே வருகின்றனர். அவர்களையும் ஊர்ச் சிறுவர் ஒப்ருனி என்று அழைப்பதுண்டு. அயல்நாட்டார் என்பது அச்சொல்லின் பொருள். தம் முன்னோரை அடைத்த கோட்டையைக் காணத் தம்மிடம் அயலாருக்குரிய கட்டணம் கேட்கப்பட்டபோது வருந்தியோர் உண்டு. 1990-களில் கோட்டைச் சுவர்களைப் புதுப்பித்து வெள்ளையடித்தபோது, இது துயரத்தைப் பூசி மறைப்பதாகும் என்று அவர்கள் எதிர்த்தனர். ஊராருக்கோ கோட்டை என்பது வேலையும் வருவாயும் தரும் இடம். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வேற்று மாநிலத்தில் வாழ்ந்து விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மை, எப்போது வந்தீர்கள், எப்போது புறப்படுகிறீர்கள் என்று உற்றார் ஒரே மூச்சில் கேட்பர். அக்கேள்வி சுருக்கென்று தைப்பதை நாம் அறிவோம். நமக்கோ போக வண்டி உண்டு. திரும்பவும் வண்டி உண்டு. இருநூறு ஆண்டு கடந்து வந்து கதவைத் தட்டுவோரின் நெஞ்சம் எவ்வாறிருக்கும் என்பதை இதைக்கொண்டு ஓரளவு உய்த்துணரலாம்.

பெனின் நாட்டில் உள்ள வீடா என்னும் ஊரில் இந்நடை வேறு வடிவம் பெறுகிறது. அங்கே ஊரின் நடுவிலிருந்து கடற்கரை வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் மண்பாதையில் நடக்க வேண்டும். இக்கரையிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் கப்பலேற்றப்பட்டனர். 1727-இல் இவ்வூரை வென்ற டஹோமி அரசர்கள் அவ்வணிகத்தில் பெரும்பங்கு கொண்டனர். வழியில் மறதி மரம் நின்ற இடம் என்று ஒன்றைக் காட்டுவர். ஆடவர் ஒன்பது முறையும் பெண்டிர் ஏழு முறையும் அதைச் சுற்றிவந்து, ஊரையும் பேரையும் மறக்கும்படி செய்யப்பட்டனர் என்பது மரபு. பாதையின் முடிவில், கடலோரத்தில், 1995-இல் எழுப்பிய நினைவு வளைவு நிற்கிறது.

மறதி மரத்தைப் பற்றி அக்கால எழுத்துப் பதிவுகளில் சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர் சுட்டுவர். செனகல் நாட்டின் கோரே தீவில் உள்ள அடிமைகள் இல்லம் பற்றியும் இத்தகைய வழக்கு எழுந்தது. அவ்வில்லத்தின் காப்பாளராக நெடுங்காலம் பணியாற்றி 2009-இல் மறைந்த ஜோசப் என்டியாயே, அங்குள்ள சிறு வாயில் வழியே பெருந்தொகையான மக்கள் சென்றனர் என்று உருக்கமாக எடுத்துரைத்து வந்தார். கோரேயிலிருந்து சென்றோர் தொகை மற்றத் துறைகளை நோக்க மிகச் சிறிது என்று பிலிப் கர்ட்டின் முதலிய அறிஞர் மறுத்தனர். ஆயினும் 1991-இல் நெல்சன் மண்டேலாவும், 1992-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலும் அங்கே சென்று அஞ்சலி செலுத்தினர்.

இவ்விரண்டையும் நாம் எவ்வாறு கொள்வது? கணக்கு வேறு, அஞ்சலி வேறு. கணக்கில் பிழை இருந்தால் திருத்துவதே முறை. மிகைப்படுத்திய எண், உண்மையை மறுக்க விரும்புவோருக்குத்தான் துணைபுரியும். ஆனால் மாண்டோருக்குத் தனித்தனிக் கல்லறை இல்லை. அழுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது மனித இயல்பு. கடலில் கரைந்தோருக்காகக் கரையில் நின்று நீர் இறைக்கும் வழக்கமுடைய நமக்கு இதை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

ஆங்கிலேயர் 1807-இல் அடிமை வாணிகத்தையும் 1833-இல் சட்டத்தால் தம் குடியேற்றங்களில் அடிமை முறையையும் ஒழித்தனர். கரும்புத் தோட்டங்களுக்குக் கைகள் வேண்டியிருந்தன. 1834 முதல் மொரீசியஸ் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் சென்றனர். அவர்களுள் தமிழரும் பலர். ஒப்பந்தம் அடிமைத்தனம் அன்று. காலவரையும் கூலியும் அதற்கு உண்டு. எனினும் ஒரு வாயில் அடைபட்ட உடனே மற்றொரு வாயில் திறந்தது என்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே, இத்தகைய இடங்களுக்குச் செல்லும் வாய்ப்பு நம்முள் எவருக்கேனும் கிட்டுமாயின், படம் எடுப்பதற்கு முன் சிறிது நேரம் வாளா நிற்போம். வழிகாட்டி கூறுவதைப் பொறுமையுடன் கேட்போம். ஐயம் எழுந்தால் பணிவுடன் வினவுவோம். விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பதோடு நின்றுவிடாமல், விலையாகச் சென்ற பொருள் எங்கிருந்து வந்தது என்றும் கேட்போம். அவ்வினாவுக்கு விடை தேடும்போது, தொலைவில் உள்ள அக்கடற்கரை நம் கடற்கரைக்கு வெகு அண்மையில் இருப்பது புலப்படும்.